முப்பது ஓட்டுநர்கள் ஏறிய பேருந்து

பேருந்து ஓட்டுநர்களுக்குப் பாதுகாப்புப் பயிற்சி நடத்தப் பரஞ்சோதி பழகிக்கொண்டிருந்தார். பழக்கியவர் கோமதிநாயகி. குருவைவிடச் சீடர் பதினொரு வருடம் மூத்தவர். இதில் இருவருக்கும் வருத்தமில்லை.

முதல் வகுப்புக்கு வந்த முப்பது பேரும் தூங்கினார்கள். அடுத்த வகுப்பின் முப்பது பேர் குறட்டையும் விட்டார்கள். மூன்றாவதும் இப்படியே போனால் பரஞ்சோதி பழையபடி டயர் கிடங்குக்கே போகலாம் என்று மேலாளர் சொல்லிவிட்டார்.

அந்த மூன்றாவது வகுப்பன்று காலையில் அவர் குருவிடம் வந்தார்.

"மேடம், வணக்கத்துல ஆரம்பிச்சேன், தூங்குனாங்க. பயிற்சியோட நோக்கத்துல ஆரம்பிச்சேன், அதுக்கும் தூங்குனாங்க. வேற எதுலதான் ஆரம்பிக்கிறது?"

"உங்களுக்கு பஸ் ஓட்டத் தெரியுமா, சார்?"

"லைசென்ஸ் இருக்கு."

"நான் அதைக் கேக்கல."

பரஞ்சோதி ஸ்டீயரிங்கைத் தொட்டுப் பதினாறு வருடம் ஆகியிருந்தது.

பயிற்சித் திடலில் நின்ற பழைய பேருந்தின் சாவியைக் கோமதிநாயகி அவர் கையில் வைத்தார். "எல்லாரையும் ஏத்திக்கிட்டு ஒரு சுத்து சுத்தி, வகுப்பு வாசல்ல நிறுத்துங்க."

ஓட்டுநர்கள் ஏறினார்கள். வழக்கம்போலக் கடைசி இருக்கைகள் முதலில் நிரம்பின. சிலர் கண்ணைக்கூட மூடிவிட்டார்கள்.

வண்டி குதித்துக் கிளம்பியது.

முப்பது வலது கால்கள், இல்லாத பிரேக்கை மிதித்தன.

"சார்! கிளட்சை மெதுவா விடுங்க!"

"செகண்டுக்கு மாத்துங்க, இன்ஜின் அழுவுது!"

"கண்ணாடியப் பாருய்யா... மன்னிச்சுக்குங்க, பாருங்க சார்!"

"வளைவுல போய் பிரேக்கா? முன்னாடியே வேகத்தைக் கொறைக்க வேணாமா?"

"பேசுறான் பாரு. நீ என்னைக்குய்யா கொறைச்சிருக்க?"

வண்டி வகுப்பு வாசலில் நின்றபோது கடைசி இருக்கைகள் காலி. அத்தனை பேரும் முன்பக்கம் நெருக்கியடித்து நின்று, வளைவில் யார் எப்படித் திருப்புவது என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். இறங்கும் எண்ணம் யாருக்கும் இல்லை. சத்தம் கேட்டு எட்டிப் பார்த்த மேலாளர், கிடங்குப் பேச்சை எடுக்காமலே திரும்பிப் போனார்.

பரஞ்சோதி சட்டையெல்லாம் வியர்வையோடு குருவிடம் ஓடிவந்தார். தேரை நிலைக்குக் கொண்டுவந்து சேர்த்தவர்போல முகம் மின்னியது.

"மேடம், ஒருத்தர்கூடத் தூங்கல! உள்ளே கூப்பிட்டுப் பாடத்தை ஆரம்பிச்சிடட்டுமா?"

பேருந்திலிருந்து வந்த கூச்சலைக் கோமதிநாயகி சற்று நேரம் காது கொடுத்துக் கேட்டார்.

"பாதிப் பாடத்துல எழுந்து வந்துட்டீங்களே, சார். போய் உக்காருங்க."