எடுத்து வர மட்டும் பழக்கிய நரி

நாணலேரிக் காட்டில் பெருவாலர் என்று ஒரு நரி இருந்தார். வாலைத் தவிர அவரிடம் பெரிதாக ஒன்றும் கிடையாது. ஆனால் அந்த வால் இருக்கிறதே, அடேயப்பா! நடந்தால் தரையைக் கூட்டும். உட்கார்ந்தால் பக்கத்தில் இன்னொரு நரி உட்கார்ந்திருப்பது மாதிரித் தெரியும். தினமும் அதை ஏரித் தண்ணீரில் அலசி, வெயிலில் உலர்த்தி, பாறைமேல் பரப்பி வைத்த பிறகுதான் அவர் யாரோடும் பேசவே ஆரம்பிப்பார்.

அவருக்கு ஒரே ஒரு குறை. அவர் வந்தால் காட்டில் ஒருவரும் எழுந்து நிற்பதில்லை.

ஒருநாள் காலையில் காட்டோர ரோட்டில் ஒரு ஜீப் வந்து நின்றது. ஒரு ஆளும் அவன் பெண்டாட்டியும் இறங்கினார்கள். அவர்களுக்குப் பின்னால் ஒரு நாய் குதித்தது. நாயா அது! கன்றுக்குட்டி உயரம். தொங்குகிற காது, பழுப்புப் புள்ளி போட்ட உடம்பு, ஒரு நிமிஷம் ஓயாத வால். பெருவாலர் புதருக்குள் பதுங்கிப் பார்த்தார்.

"படத்துல எவ்வளவு அடக்கமா உக்காந்திருந்துது!" என்றாள் அந்த அம்மாள். "இப்ப பாருங்க, வீட்டுல ஒரு செருப்பு மிச்சமில்ல. சோபாவுல பஞ்சு இல்ல!"

"வேட்டைக்காரங்க வளக்குற ஜாதியாம். தண்ணியில விழுந்த வாத்தைப் பல்லு படாம எடுத்துட்டு வருமாம்" என்றான் அவன். "மூணாவது மாடியில வாத்துக்கு நான் எங்கடி போவேன்?"

அவன் ஒரு குச்சியைத் தூர எறிந்தான். நாய் பறந்தது. குச்சியைக் கவ்விக்கொண்டு அது திரும்பி வருவதற்குள் ஜீப் கிளம்பிப் போய்விட்டது. குச்சியைக் கீழே போடாமல் அது ரோட்டையே பார்த்துக்கொண்டு நின்றது. பார்க்கிற யாருக்கும் பாவமாக இருந்திருக்கும். பெருவாலருக்கு யோசனைதான் வந்தது.

'இவ்வளவு பெரிய நாய் என் பின்னால் வந்தால் எவன் எழுந்து நிற்காமல் இருப்பான்!'

"ஏய்!" என்று வெளியே வந்தார். "இன்று முதல் நீ என் நாய். உன் பெயர் ரணவீர கஜகேசரி!"

"நானா? உங்க நாயா? நிஜமாவா?"

சந்தோஷத்தில் அது ஒரு பாய்ச்சல் பாய்ந்தது. பெருவாலர் குட்டிக்கரணம் அடித்துப் பக்கத்துக் குட்டையில் விழுந்தார். விழுந்தவரை அதே நாய் கவ்வி எடுத்துக் கரையேற்றியது. உடம்பில் ஒரு கீறல் இல்லை. வாலில் மட்டும் ஒரு படி எச்சில்.

வளைக்கு வந்ததும் அவர் பெண்டாட்டி அஞ்சலை ஏற இறங்கப் பார்த்தாள்.

"என்னங்க இது?"

"ஜாதி நாய்! வேட்டைக்காரர்கள் வளர்ப்பது!"

"அது பார்த்தாலே தெரியுது. இந்த உடம்பைக் காலையிலயும் சாயங்காலமும் ஏரியைச் சுத்தி ஓட விடணும். கூட யாராவது ஓடணும். நீங்க ஓடுவீங்களா?"

"நானா? ஓடுவதா? என் மரியாதை என்ன ஆவது? பெரிய நாய் வைத்திருப்பதே நாம் உட்கார்ந்திருக்கத்தானே, அடியே!"

ஓட வேண்டிய கால் சும்மா இருக்குமா? முதல் நாள் நாய் வளை வாசலை அகலமாக்கியது. இரண்டாம் நாள் பின்பக்கம் புதிதாக ஒரு வாசல் திறந்தது. மூன்றாம் நாள் நடுக்கூடத்தில் ஒரு கிணறு தோண்டியது. நான்காம் நாள் மழை பெய்தது. அஞ்சலை வேர்ப்பொந்தில் ஒண்டிக்கொண்டு புருஷனைப் பார்த்த பார்வையில் மழையே நின்றிருக்க வேண்டும்.

"என்ன சுறுசுறுப்பு பார்த்தாயா!" என்றார் பெருவாலர், சொட்டச் சொட்ட நனைந்தபடி.

சரி, இதற்கு ஏதாவது பழக்க வேண்டும் என்று அவருக்கே தோன்றியது. அதையும் அவர் நாலு பேர் பார்க்கத்தான் செய்தார். சாயங்காலமானால் ஏரிக்கரைப் பாறைமேல் வாலைப் பரப்பிக்கொண்டு உட்காருவார். மரத்தில் குரங்குகள், கரையில் கீரிகள், எட்டத்தில் முயல்கள் என்று கூட்டம் சேரும். முயல்கள் மட்டும் எப்போதும் அக்கரையில்தான் உட்காரும். அது அவற்றின் சாமர்த்தியம்.

"ரணவீர கஜகேசரி! எடுத்து வா!"

நாய் தண்ணீரில் பாய்ந்து தாமரைக் காயைக் கவ்விக்கொண்டு வரும்.

"சபாஷ்!" என்பார் பெருவாலர். கூட்டமே "சபாஷ்!" என்று கூச்சல் போடும். நாயின் வால் சுழலும் வேகத்தில் பக்கத்தில் நிற்கிற கீரிக்குக் கன்னத்தில் அறை விழும்.

அடுத்த நாள் ஒரு மரக்கட்டை வந்தது. அதற்கடுத்த நாள் உயிரோடு ஒரு வாத்து.

"ஐயா, என்னை விடச் சொல்லுங்கய்யா!" என்று நாயின் வாய்க்குள்ளிருந்து வாத்து கதறியது. "வலிக்கல. ஆனா அவமானமா இருக்கு!"

"சபாஷ்!" என்றது கூட்டம்.

எல்லோரும் கலைந்து போன பிறகும் நாய் வாத்தை விடவில்லை. இருட்டுகிற வரை அதைக் கவ்விக்கொண்டே நின்றது.

"எடுக்கச் சொல்லிக் குடுத்தீங்களே, வைக்கச் சொல்லிக் குடுக்க வேண்டாமா?" என்றாள் அஞ்சலை.

"வைப்பதை எவன் உட்கார்ந்து பார்ப்பான்? எடுத்து வந்தால்தான் சபாஷ் கிடைக்கும்!"

அவள் நாயிடமே கேட்டாள். "ஏன்டா குட்டா, கவ்வினதைக் கீழ வைக்க மாட்டேங்கிறே?"

நாய் அப்போதுதான் வாத்தை விட்டுவிட்டுப் பதில் சொன்னது. "வச்சா எல்லாரும் போயிடுறாங்கம்மா."

அஞ்சலை திரும்பிப் புருஷனைப் பார்த்தாள். பெருவாலர் அப்போது வாலில் ஒட்டிய புல்லை எடுத்துக்கொண்டிருந்தார்.

இந்தக் கூத்தில் வசமாக மாட்டிக்கொண்டது கட்டையன் என்கிற ஆமை. வாய்க்கு அடக்கமாக, ஓடாமல், கடிக்காமல் இருக்கிற பொருள் என்று நாய்க்கு அதைத்தான் ரொம்பப் பிடித்துவிட்டது. காலையில் ஏரியிலிருந்து கவ்விக்கொண்டு வந்து வளை வாசலில் நிற்கும். பிறகு எப்போதாவது விடும். கட்டையன் திரும்ப ஏரிக்குப் போய்ச் சேரச் சாயங்காலம் ஆகிவிடும். தண்ணீரில் மூக்கை நனைக்கிற நேரம் பார்த்து மறுபடியும் கவ்விக்கொண்டு போகும்.

"ஓய் பெருவாலரே!" என்று கத்தும் கட்டையன். "நான் தண்ணியில வாழுற பிராணி. ஒரு வாரமா பாதி நாள் நாய் வாயில, பாதி நாள் நடையில. என்னய்யா பொழப்பு இது!"

"பெருமைப்படு! பயிற்சிக்குப் பயன்படுகிறாய்!"

"பயிற்சியாம் பயிற்சி! உள்ள கிடந்து நான்தான் பயிற்சி எடுத்தேன். கேட்டுக்கிடும். கத்தினா இறுக்கிப் பிடிப்பான். துரத்தினா விளையாட்டுன்னு ஓடுவான். சத்தம் போடாம, அசையாம, முகம் திருப்பிக் கிடந்தா அலுத்துப்போய்த் தானா வச்சிடுவான்."

"ஆமையிடம் பாடம் கேட்கிற அளவுக்கு நான் இன்னும் கெட்டுப்போகவில்லை!" என்று வாலைச் சுழற்றிக்கொண்டு போய்விட்டார் பெருவாலர்.

ஒருநாள் சாயங்காலம், நல்ல வெளிச்சம் இருக்கும்போதே கூட்டம் கூடிவிட்டது. அன்றைக்குக் கரடிகூட வந்திருந்தது. பெருவாலருக்குத் தலைகால் புரியவில்லை.

"இதுவரை யாரும் பார்க்காததை எடுத்து வா!" என்று கட்டளையிட்டார்.

நாய் ஏரியை நீந்திக் கடந்து அக்கரைப் புதருக்குள் மறைந்தது. கொஞ்ச நேரத்தில் வாயில் எதையோ மஞ்சளாகக் கவ்விக்கொண்டு திரும்பி நீந்தியது. அது கரையேறுவதற்கு முன்பே பெருவாலர் எழுந்து நின்று, "சபாஷ்! பார்த்தீர்களா! சபாஷ்!" என்று முழங்கினார்.

ஒருவரும் கூடச் சேர்ந்து சொல்லவில்லை. மரத்தில் குரங்கைக் காணோம். கரையில் கீரியைக் காணோம். கரடி போன திசையில் புதர் மட்டும் ஆடிக்கொண்டிருந்தது.

பெருவாலர் திரும்பிப் பார்த்தார். நாயின் வாயில் தொங்கியது சிறுத்தைக் குட்டி.

"இன்னொரு தடவை! இன்னொரு தடவை நீந்தணும்!" என்று குட்டி கைகொட்டிச் சிரித்தது.

பெருவாலருக்குச் சர்வநாடியும் அடங்கிவிட்டது. அதன் அம்மா வேட்டைக்குப் போயிருந்தாள். பொழுது சாய்வதற்குள் குகைக்கு வந்துவிடுவாள். குட்டி அங்கே இல்லாவிட்டால் மோப்பம் பிடித்து நேராக இந்த வளைக்குத்தான் வருவாள். அதன் பிறகு நாணலேரியில் நரிக் குடும்பம் என்று ஒன்று இருந்த அடையாளமே இருக்காது.

"போடு!" என்று கத்தினார். "விடு! வை! இறக்கு! ரணவீர கஜகேசரி, கீழே வைத்துத் தொலை!"

நாய் வாலை ஆட்டியது. வழக்கமாக எல்லோரும் போய்விடுகிற நேரம் இது. இன்றைக்கு எஜமான் போகவில்லை. கூடவே நின்று கத்துகிறார்! அதற்கு ஆனந்தம் தாங்கவில்லை. குட்டியை இன்னும் பத்திரமாகக் கவ்விக்கொண்டது.

பெருவாலர் பாய்ந்து பிடிக்கப் போனார். நாய் துள்ளி விலகி ஓட ஆரம்பித்தது. ஓடினால் மரியாதை போய்விடும் என்று சொன்ன நரி, நாக்குத் தள்ள நாய்க்குப் பின்னால் ஓடினார். ஒரு சுற்று ஏரி. இரண்டாவது சுற்று. மூன்றாவது சுற்றில் நாய் ஏறக்குறைய ஒரு சுற்று முந்திப்போய் அவருக்குப் பின்னால் வந்துவிட்டது.

"ஓடாதேயும்! திரும்பி உக்காரும்!" என்று சேற்றிலிருந்து கத்தியது கட்டையன்.

"நீ வாயை மூடு!" என்றார் பெருவாலர், மூச்சிரைக்க.

அக்கரையிலிருந்து ஒரு உறுமல் கேட்டது. ஏரித் தண்ணீரே ஒருமுறை நடுங்கியது.

அஞ்சலை மட்டும் கட்டையன் சொன்னதைக் கேட்டிருந்தாள். அவளுக்கும் ஓடத்தான் கால் துடித்தது. ஆனாலும் நாய்க்கு முதுகைக் காட்டிக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். கூப்பிடவில்லை. திரும்பிப் பார்க்கவில்லை. உறுமல் கரையைச் சுற்றிக்கொண்டு நெருங்கி நெருங்கி வந்தது. அப்போதும் அவள் அசையவில்லை.

நாய் நின்றது. யோசித்தது. மெல்ல வந்து குட்டியை அவள் பக்கத்தில் வைத்துவிட்டு, "அம்மா, எம்மேல கோபமா?" என்றது.

"இல்லடா கண்ணு. நல்ல பிள்ளைடா நீ!" என்று அஞ்சலை அதன் காதை நக்கிக்கொடுத்தாள். உடனே குட்டியின் பிடரியைக் கவ்விக்கொண்டு உறுமல் வந்த பக்கமாகவே நடந்தாள். எதிரே வந்த சிறுத்தையின் காலடியில் அதை இறக்கி வைத்துத் தலையைக் குனிந்து நின்றாள்.

சிறுத்தை குட்டியைப் புரட்டிப் புரட்டி முகர்ந்தாள்.

"எனக்கு ஒண்ணும் ஆகலம்மா!" என்றது குட்டி. "எச்சில்தான்!"

பெருவாலர் இதற்கெல்லாம் நிற்கவில்லை. பெண்டாட்டி, வளை, நாய் எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஓட்டமெடுத்தார். அந்தப் பெரிய வால் காற்றில் கொடி மாதிரிப் பறந்தது.

நாய் பார்த்தது. வாய் காலியாக இருந்தது. கண்ணுக்கு முன்னால் ஏதோ படபடவென்று ஆடிக்கொண்டு தூரமாகப் போகிறது.

"எடுத்துட்டு வரட்டுமா?" என்று கேட்டது.

யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை.

நாலே பாய்ச்சல். பெருவாலரை நடுமுதுகில் அலுங்காமல் நலுங்காமல் கவ்விக்கொண்டு வந்து சிறுத்தைக்கு எதிரே நிமிர்ந்து நின்றது. இந்த மாதிரி ஒரு அழகான வேலையை அது அன்றுவரை செய்ததே இல்லை.

"போடு அவனை!" என்றாள் சிறுத்தை.

பெருவாலருக்குச் சட்டென்று எல்லாம் விளங்கிவிட்டது. நாய் வாயில் இருக்கிறவரைக்கும்தான் உயிர். "சபாஷ்!" என்று அலறினார். "விடாதே கண்ணா! சபாஷ்! ரணவீர கஜகேசரி, சபாஷ்!"

நாய் பத்திரமாக இறுக்கிக்கொண்டது.

சிறுத்தைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவள் எதிரே உட்கார்ந்து கையை நக்கிக்கொண்டிருந்தாள். பெருவாலர் "சபாஷ், சபாஷ்" என்று கத்திக்கொண்டே இருந்தார். அவ்வளவு நாளும் கூட்டம் மொத்தமும் சேர்ந்து சொன்ன சபாஷை அவர் ஒருவரே சொல்லித் தீர்த்தார். தொண்டை கட்டியது. கீச்சென்றது. கடைசியில் காற்றுத்தான் வந்தது.

"ஆச்சு, இன்னும் கொஞ்ச நேரம்தான்!" என்றது கட்டையன், கழுத்தை நன்றாக வெளியே நீட்டிப் பார்த்துக்கொண்டு.

சத்தம் நின்றது. நாய்க்கு அலுத்தது. பெருவாலரைப் பொத்தென்று கீழே போட்டது. சிறுத்தையின் கால் வந்து அவர் வால்மேல் விழுந்தது.

"தாயே! தப்பு நாயுடையது! அந்தத் தறுதலைதான் குட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தது!"

"நாய் பழக்கினதைச் செஞ்சுது. பழக்கினவன் நீ" என்றாள் சிறுத்தை. "என் பிள்ளையைக் கொண்டுவந்து குடுத்தாளே, அவ முகத்துக்காக உன்னை உசிரோட விடுறேன். ஆனா சும்மா விட முடியாது."

கறுக்! அவ்வளவுதான். சிறுத்தை குட்டியைக் கவ்விக்கொண்டு போய்விட்டாள். வால் தரையில் கிடந்தது. நாய் அதைக் கவ்வி எடுத்து வந்து, தலையை ஆட்டி ஆட்டி, எஜமானுக்கு எதிரே நின்றது.

"வை குட்டா" என்றாள் அஞ்சலை.

வைத்தது. வைத்த பிறகும் அவள் போகவில்லை. பக்கத்திலேயே உட்கார்ந்து அதன் தலையைத் தடவிக்கொண்டிருந்தாள். நாய்க்கு அது புதிதாக இருந்தது.

இப்போதெல்லாம் காலையிலும் சாயங்காலமும் அஞ்சலை முன்னே ஓடுகிறாள். நாய் கூடவே ஓடுகிறது. எடுக்கிறது, கொண்டு வருகிறது, சொன்னால் வைக்கிறது. கட்டையன் நாள் முழுக்கத் தண்ணீரிலேயே கிடக்கிறது. அவர்களுக்கெல்லாம் ரொம்பப் பின்னால், பெஞ்சாதி பேச்சைத் தட்டாமல், மொட்டை நரி ஒன்று மூச்சுவாங்க ஓடி வருகிறது. அதைப் பார்க்கும்போது காட்டில் எல்லோரும் எழுந்து நிற்கிறார்கள். உட்கார்ந்தபடி சிரித்தால் வயிறு வலிக்கிறதாம்.

பிறர் மெச்ச வேண்டும் என்று எடுக்க மட்டும் பழக்கி, விடப் பழக்காதவன், ஒருநாள் தானே அந்த வாயில் தொங்க வேண்டிவரும்.