கொள்கை இல்லாத பண்டிதர்

சண்டமாருதப் பண்டிதர் எந்தச் சபையிலும் தமக்கென்று ஒரு கொள்கை சொன்னதில்லை. எதிராளி எதைச் சொன்னாலும், "அதற்கு என்ன ஆதாரம்?" என்று கேட்டுக் கேட்டே மடக்கிவிடுவார். மணற்குடி மடத்துத் தம்பிரான் "நான் இருக்கிறேன்" என்று வாதத்தைத் தொடங்கினார். அதற்கே ஆதாரம் கேட்டு அவரைத் திணற அடித்துவிட்டார் பண்டிதர்.

மடத்தார் தோற்றால் மடத்து ஏடுகள் எல்லாம் பண்டிதருக்கு என்பது பந்தயம்.

"மடத்தில் இன்னும் யாராவது மிச்சம் உண்டா?" என்று சிரித்தார் அவர்.

சமையல்காரர் சடையாண்டி கையைத் துடைத்துக்கொண்டு எதிரே வந்து உட்கார்ந்தார்.

"கரண்டிக்காரனா! சரி, உன் கொள்கை என்ன?"

"உங்களுக்கு இல்லாதது எனக்கு எதுக்கு சாமி? நீங்க ஏதாவது சொல்லுங்க, நான் ஆதாரம் கேக்கறேன்."

இருவரும் வாய் திறக்கவில்லை. வாதம் முடியும்வரை எழுந்திருக்கவோ சாப்பிடவோ கூடாது என்பது சபை வழக்கம். உச்சி வெயிலும் சாய்ந்தது. சடையாண்டி மடைப்பள்ளிப் பக்கம் திரும்பி, "புளிக்குழம்பைத் தாளிச்சிடுங்கப்பா!" என்று குரல் கொடுத்தார். கடுகு வெடித்தது. பெருங்காய வாசனை சபைக்குள் வந்தது.

பண்டிதர் எச்சில் விழுங்கினார். நடுவராக இருந்த சிற்றரசரிடம், "அரசே, எனக்குப் பசிக்கிறது" என்றார்.

"ஆதாரம்?" என்றார் சடையாண்டி.

"என் பசி எனக்குத் தெரியாதா?" என்று பண்டிதர் கத்தினார்.

"அப்போ ஆதாரம் இல்லாமலே சிலது தெரியும்னு ஒத்துக்கறீங்க. எங்க தம்பிரான் சொன்னதும் அதுதானே சாமி?"

சபை சிரித்தது. ஏடுகள் மடத்திலேயே இருக்கட்டும் என்று சிற்றரசர் தீர்ப்புச் சொன்னார்.

பண்டிதர் பந்தியில் முதல் இலையில் உட்கார்ந்தார். குழம்பு நன்றாக இருக்கிறது என்று, யாரும் கேட்காமலே சொன்னார்.