தாண்டவராயருக்கு வந்த வசியம்

வெண்பாறை ராஜா வீரகங்கனுக்கு வீரம் பெயரில் மட்டும்தான். அன்றைக்குச் சபையில் அவர் விசிறியால் முகத்தை மறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மந்திரிகள் மேல்துண்டால் கண்ணைக் கட்டியிருந்தார்கள். தளபதி தூணுக்குப் பின்னால் நின்றார். இத்தனைக்கும் எதிரே நின்றது படையும் இல்லை, புலியும் இல்லை. கையைக் கட்டி இழுத்து வந்திருந்த ஒரு பெண். பெயர் உமையாள்.

உமையாள் வைத்தியம் பார்க்கிறவள். மருந்து, சூரணம் எதுவும் கிடையாது. எதிரே உட்காரவைப்பாள், கண்ணை மூடச் சொல்வாள், மெதுவாகப் பேசுவாள். அரைத்தூக்கம் மாதிரி ஒரு நிலை வரும். அதில் மனசுக்குள் இருக்கிற பயத்தைக் கரைத்து விடுவாள். இடி இடித்தால் கட்டிலுக்கு அடியில் நுழைந்துகொள்ளும் ராணி இப்போது ஜன்னலில் நின்று மழை பார்க்கிறாள். அது உமையாள் செய்த வேலை. ஊரார் இதற்கு வசியம் என்று பெயர் வைத்தார்கள். பெயர் வைத்த பிறகு யார் யோசிக்கப் போகிறார்கள்?

காலையில் ராஜாவின் மரகத மாலையைக் காணோம். பொக்கிஷ அறைக்குப் பொறுப்பு தாண்டவராயர். அவர் சபையில் புரண்டு புரண்டு அழுதார்.

"மகாராஜா! தலைவலின்னு நேத்து இவகிட்டப் போனேன். கண்ணைப் பார்த்தா, அவ்வளவுதான். என் காலே என்னைப் பொக்கிஷ அறைக்குக் கூட்டிட்டுப் போச்சு. என் கையே மாலையை எடுத்து இவகிட்டக் கொடுத்துடுச்சு. எனக்கு ஒண்ணுமே தெரியாது!"

"என்கிட்ட யாரும் எதுவும் கொடுக்கல," என்றாள் உமையாள். "இவர் வந்தார், தலைவலி எப்படி இருக்குன்னு கேட்டேன், எழுந்து போயிட்டார். என் வீட்டுத் தரையைக்கூடத் தோண்டிட்டாங்களே, கிடைச்சுதா?"

ராஜா விசிறிக்குப் பின்னாலிருந்தே தீர்ப்புச் சொன்னார். "கண்ணால்தானே செய்தாள்? கம்பியைக் காய்ச்சிக் குத்துங்கள்."

சந்தடி சாக்கில் தளபதி எட்டிப் பார்த்தார். "மகாராஜா, போன வருஷப் போர்ல நான் திரும்பி ஓடி வந்தது இவ வசியத்தாலதான்!"

"அப்போ இந்தம்மா நம்ம நாட்டுக்கே வரலையே, தளபதியாரே," என்றது ஒரு குரல்.

அது திருமேனி. சபையில் கண்ணை மறைக்காமல் இருந்த ஒரே ஆள். ராஜாவைச் சிரிக்கவைக்கிற வேலைக்குச் சம்பளம் வாங்குகிறவன். புத்தி உள்ளவனுக்கு அந்தச் சபையில் வேறு வேலை கொடுக்க மாட்டார்கள்.

அவன் உமையாளிடம் கேட்டான். "அம்மா, உங்க வைத்தியத்துல உட்கார்ந்தவர், நீங்க என்ன சொன்னாலும் செய்வாரா?"

"எப்படிச் செய்வார்? நான் பேசறது எல்லாம் அவர் காதுல விழும். மனசுக்கு ஒப்பாததைச் சொன்னா கண்ணைத் திறந்து எழுந்து போயிடுவார்."

"பொய்!" என்று கத்தினார் ராயர். "என்ன சொன்னாலும் செஞ்சே ஆகணும். நான் அனுபவிச்சவன்!"

"அப்போ இங்கேயே செஞ்சு பார்த்துடலாம்," என்றான் திருமேனி.

மாட்டேன் என்றால் மாட்டிக்கொள்வார். ராயர் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். உமையாள், "ஐயா, கண்ணை மூடுங்க," என்றாள். ராயர் தலை தொப்பென்று சாய்ந்தது. குறட்டை வேறு.

உமையாள் முகத்தைச் சுளித்தாள். "நான் இன்னும் ஆரம்பிக்கவே இல்லையே?"

"சும்மா இருங்கம்மா, பெரிய மனுஷர் தூங்கறார்," என்றான் திருமேனி. "ராயரே, நீங்க ஒரு நாய்."

"லொள்!"

"நொண்டி நாய்."

ராயர் கண்ணைத் திறக்காமலே ஒரு காலைத் தூக்கிக்கொண்டு சபையைச் சுற்றி வந்தார். சமையல்கட்டிலிருந்து பாகற்காய் வந்தது. பச்சையாகக் கடித்துத் தின்றார். கண்ணில் நீர் வழிந்தது. ஆனாலும் மென்றார்.

ராஜா துள்ளினார். "பார்த்தாயா திருமேனி! வசியம் உண்மை! கம்பி காய்ந்துவிட்டதா?"

காய்ந்துவிட்டது. முனை சிவந்த கம்பியைக் காவலன் உள்ளே எடுத்து வந்தான். உமையாள் பின்னால் நகர்ந்தாள்.

"இன்னும் ஒண்ணே ஒண்ணு, மகாராஜா," என்றான் திருமேனி.

வெண்பாறையில் ஒரு வழக்கம் உண்டு. பதவி கைமாறுவது முத்திரை மோதிரத்தால். ராஜா பார்க்க, சபையில் வைத்து ஒருவர் தன் மோதிரத்தைக் கழற்றி யாருக்குக் கொடுத்தாலும் பதவி அவருக்கு. பதவியோடு வந்த மாளிகையும் நிலமும் அவருக்கு. திருப்பிக் கேட்கவே முடியாது.

"ராயரே, உங்க மோதிரத்தைக் கழற்றுங்க. அதோ நிக்கறானே பல்லக்குத் தூக்கற எசக்கி, அவன்கிட்டக் கொடுங்க."

ராயர் மெல்வது நின்றது.

"ராயரே, காதுல விழலையா?"

விரல்கள் மெல்ல உள்ளே மடங்கின. எசக்கி பக்கத்தில் வந்து உள்ளங்கையை நீட்டினான். தொடக்கூட இல்லை, சும்மா நீட்டினான்.

ராயர் கண் பட்டென்று திறந்தது. "தள்ளிப் போடா! யார் மோதிரத்தை யாருக்குக் கொடுக்கறது?"



"என்ன ராயரே, முழிச்சுட்டீங்க?"

"அது... திடீர்னு தெளிஞ்சுடுச்சு."

திருமேனி ராஜாவைப் பார்த்தான். "மகாராஜா, குரைக்கச் சொன்னப்போ தெளியல. பாகற்காய் தின்னப்போ தெளியல. தன் மோதிரத்தைக் கேட்டதும் தெளிஞ்சுடுச்சு. உங்க மாலையைக் கேட்டப்போ மட்டும் ஏன் தெளியலைன்னு அவரையே கேளுங்க."

கேட்க வேண்டிய அவசியமே வரவில்லை. கம்பியோடு நின்ற காவலன் ராயர் பக்கம் திரும்பினதுமே அவர் உளறிவிட்டார். மாலை அவர் வீட்டு நெய்ப்பானைக்குள் கிடந்தது. ராயரை விலங்கு மாட்டிக் கூட்டிப் போனார்கள்.

ராஜா வயிறு குலுங்கச் சிரித்தார். ஒரு பெண்ணின் கண்ணைக் குத்தச் சொன்னவர் அவர்தான் என்பது அதற்குள் மறந்துபோய்விட்டது. தன் கழுத்து முத்துமாலையைக் கழற்றித் திருமேனிக்குப் போட்டார். உமையாளிடம், "நீ போகலாம்," என்றார். அவ்வளவுதான்.

திருமேனி போய் அவள் கைக்கட்டை அவிழ்த்தான். முத்துமாலையைக் கழற்றி அவள் கையில் வைத்தான்.

ராஜா பதறிப்போய் விசிறியைத் தேடினார். "டேய் திருமேனி! உன்னையும் வசியம் பண்ணிவிட்டாளா?"

"இல்லை மகாராஜா," என்றான் திருமேனி. "முழிச்சுக்கிட்டுத்தான் கொடுக்கறேன். இந்தச் சபையில யாராவது ஒருத்தர் முழிச்சிருக்க வேண்டாமா?"