தேசிங்கு போட்டைக் கரையேற்றிய விதம்

புயல் இன்னும் கரையிலிருந்து முந்நூறு கிலோமீட்டர் தள்ளித்தான் இருந்தது. ஆனால் வெள்ளாம்பட்டுக் கழியில் சேதம் அன்று காலையே ஆரம்பமாகிவிட்டது.

அந்த உப்பங்கழி ஓரத்தில் ஒரு சுற்றுலாப் படகுத்துறை. அங்கே இருந்ததிலேயே விலை கூடியது வேக்போர்டு போட். காலில் பலகையை மாட்டிக்கொண்டு ஒருவர் தண்ணீரில் நிற்க, அவரைக் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு பாய்கிற படகு அது. பின்னால் பெரிய அலை எழும்பும். அலை எழும்பினால்தான் பலகைக்காரர் குதிக்க முடியும். குதித்தால்தான் விழ முடியும். விழுந்தால்தான் கரையில் இருப்பவர்களுக்குப் பொழுது போகும்.

அந்த போட்டை ஓட்டுகிற இரண்டு பேரும் புயல் என்று கேட்டதுமே ஊருக்கு பஸ் ஏறிவிட்டார்கள். மேனேஜர் ஜெகவீரன் மகளின் நிச்சயதார்த்தத்துக்காகச் செய்யாற்றில் இருந்தார். மிச்சம் இருந்தது மூன்று பேர்: லைஃப் ஜாக்கெட் மாட்டிவிடுகிற தேசிங்கு, டிக்கெட் கிழிக்கிற கன்னியப்பன், செடிக்குத் தண்ணீர் விடுகிற முனிரத்தினம். மூவரில் தேசிங்குதான் தலைவர். பத்தாம் வகுப்புப் பரீட்சையை மற்ற இருவரும் எழுதியதே இல்லை. அவர் நான்கு தடவை எழுதியிருந்தார்.

பத்தரை மணிக்கு மேனேஜர் போன் செய்தார். பின்னால் மேளச் சத்தம்.

“தேசிங்கு, சாயங்காலத்துக்குள்ள போட்டு கரையேறி இருக்கணும். தண்ணியிலயே கெடந்து ஒடைஞ்சா உன் வேலையும் போகும், என் வேலையும் போகும். நல்லா கேட்டுக்க. ஜீப்புல ட்ரெய்லரை மாட்டி, சக்கரம் முழுகுற வரைக்கும் ரிவர்ஸ்ல தண்ணிக்குள்ள எறக்கு. போட்டை அதுக்கு நேரா கொண்டாந்து ஒருத்தன் கெட்டியா புடிச்சுக்கணும். என்ன ஆனாலும் விடக் கூடாது. ஏத்தினதும் பெல்ட் போடணும். அப்புறம் அடியில பிளக் இருக்கும், அதைக் கழட்டி உள்ள இருக்கிற தண்ணிய வெளிய விட்டுடு. பிளக்கை மட்டும் மறந்தே, நான் மனுஷனா இருக்க மாட்டேன்.”

“மறக்க மாட்டேன் சார். பாப்பாவுக்கு எங்க ஆசீர்வாதம்.”

தேசிங்கு போனை வைத்தார். வேலை போனால் வீட்டில் சம்சாரம் கேட்கப்போகிற கேள்விகள் வரிசையாக ஞாபகம் வந்தன. மூவரும் உட்கார்ந்து யோசித்தார்கள்.

“எதை மறக்கக் கூடாதுன்னாரு?” என்றான் கன்னியப்பன்.

“பிளக்கை,” என்றார் தேசிங்கு.

“அது கடைசி வேலை. மனுஷனுக்கு எப்பவும் கடைசி வேலைதான் மறக்கும். அதனால அதை மொதல்ல செஞ்சுடுவோம். செஞ்சு முடிச்ச வேலைய எப்படி மறக்க முடியும்?”

இதை மறுத்துப் பேச அங்கே ஆள் இல்லை. தேசிங்கு தண்ணீரில் முங்கி, போட்டின் அடியைத் தடவி, பிளக்கைக் கழற்றினார். தொலைந்துவிடக் கூடாதே என்று சட்டைப்பையில் போட்டுப் பொத்தானையும் மாட்டிக்கொண்டார்.

பெல்ட்டையும் முன்னாலேயே தயார் செய்வது என்று முடிவாயிற்று. மேனேஜர் சொன்னது போட்டை ட்ரெய்லரோடு சேர்த்துக் கட்டுகிற பெல்ட் என்பது யாருக்கும் தோன்றவில்லை. தேசிங்கும் கன்னியப்பனும் பேன்ட் போட்டிருந்ததால் பெல்ட் இருந்தது. முனிரத்தினம் லுங்கி. செடிக்குத் தண்ணீர் விடுகிற ரப்பர் குழாயில் இரண்டு முழம் வெட்டி இடுப்பில் கட்டிக்கொண்டான்.

பிறகு கன்னியப்பன் போட்டை, கரையிலிருந்து தண்ணீருக்குள் இறங்குகிற சிமென்ட் சரிவுக்கு நேராக இழுத்து வந்து, மார்பளவு தண்ணீரில் நின்று கெட்டியாகப் பிடித்துக்கொண்டான். முனிரத்தினம் ட்ரெய்லர் மாட்டிய ஜீப்பைப் பின்னால் விட்டான். ட்ரெய்லரின் இரண்டு சக்கரமும் முழுகின.

“முழுகிடுச்சு. நிறுத்தட்டா?”

“எந்தச் சக்கரம்?” என்றார் தேசிங்கு.

“ட்ரெய்லர் சக்கரம்.”

“சார் ட்ரெய்லர் சக்கரம்னு சொல்லலையே. மொட்டையா சக்கரம்னாரு. ஜீப்புக்கு நாலு இருக்கு பாரு.”

ஜீப்பின் நான்கும் முழுகின. இன்ஜின் இரண்டு தடவை இருமிவிட்டு நின்றது. சரிவு மட்டும் நிற்காமல் இன்னும் ஆழத்துக்குப் போனது. முனிரத்தினம் பிரேக்கை மிதித்தான்.

“இப்போ எல்லாமே முழுகிடுச்சு அண்ணா.”

“கையில என்ன வெச்சிருக்க?”

“ஸ்டியரிங்.”

“முழுப் பேரைச் சொல்லு.”

முனிரத்தினம் கையிலிருந்ததைக் குனிந்து பார்த்தான். “ஸ்டியரிங் வீல்,” என்றான் கடைசியில். வீல் என்றால் என்ன என்று அவனுக்கும் தெரியும். பிரேக்கிலிருந்து காலை எடுத்தான். தண்ணீர் அவன் கழுத்துக்கு வந்தபோது சக்கரங்கள் அத்தனையும் முழுகியிருந்தன.

அந்தப் பக்கம், போட்டைப் பிடித்தபடி கழுத்தளவு தண்ணீருக்குப் பின்வாங்கியிருந்த கன்னியப்பனுக்கு வேறு கவலை.

“தேசிங்கண்ணா, போட்டு குள்ளமாயிட்டே வருது. தண்ணி வெளிய போகலை, உள்ள வருது.”

தேசிங்குக்கும் அது புரியவில்லை. ஆனாலும் தலைவர் இல்லையா.

“நீ டிக்கெட் கிழிக்கிறவன்தானே? உள்ள போறவன் போய் முடிச்சாத்தானே வெளிய வருவான்? வரட்டும் விடு.”

கன்னியப்பனின் தொழில் அனுபவமும் அதையே சொன்னது. பிடியை இறுக்கிக்கொண்டான். போட் முழுகியது. நாலைந்து குமிழி வந்தது, அதுவும் நின்றது. கழியில் முனிரத்தினத்தின் தலையும் கன்னியப்பனின் தலையும்தான் தெரிந்தன.

“போட்டு எங்கடா?” என்றார் தேசிங்கு.

“கையிலதான் இருக்கு. விடலை.”

தேசிங்கு கரையில் உட்கார்ந்துவிட்டார். அப்போதுதான் முகத்துவாரத்து மணலை வெட்டப் போய்க்கொண்டிருந்த ஒரு ஜேசிபி அந்த வழியாக வந்தது. ஓட்டுநர் இறங்கி, தண்ணீரில் இரண்டு தலையைப் பார்த்து, ஒன்றும் கேட்காமல் ஜீப்பின் முன்பக்கம் சங்கிலியை மாட்டி இழுத்தார்.

முதலில் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி முனிரத்தினம் வந்தான். அடுத்து ஜீப் வந்தது. அதன் பின்னால் ட்ரெய்லர். ட்ரெய்லரின் மேல், அளந்து வைத்ததுபோல் இம்மி பிசகாமல் போட் உட்கார்ந்திருந்தது. நேர் கீழே ட்ரெய்லர் இருக்கும்போது முழுகுகிற போட் வேறெங்கே போகும்? பிளக் துளை வழியாகத் தண்ணீர் அருவியாகக் கொட்டியது.

“நான் சொன்னேன்ல, வெளிய வரும்னு,” என்றார் தேசிங்கு.

ஜேசிபிக்காரர் போட்டைச் சுற்றி ஒரு நடை நடந்தார். “இப்படியா ஏத்துவாங்க?”

“இதுதான் முறை.”

பெல்ட்டோடு மூவரும் போட்டின் முன்னால் நின்று எடுத்த படம் செய்யாற்றுக்குப் போனது. “என் சர்வீஸ்ல போட்டு இவ்வளவு நேரா ஏறி நான் பார்த்ததில்லை தேசிங்கு,” என்றார் மேனேஜர். ஜீப்பைப் பற்றி அவர் கேட்கவில்லை. இவர்களும் சொல்லவில்லை. அன்று ராத்திரி தேசிங்கு நிம்மதியாகத் தூங்கினார்.

புயல் வடக்கே திரும்பிப் போய்விட்டது. நான்காம் நாள் காலையில் மேனேஜர், “போட்டைத் தண்ணியில எறக்கி வைங்க, வந்துடறேன்,” என்று போன் செய்தார்.

அவர் வந்தபோது போட் ட்ரெய்லர் மேலேயே இருந்தது. முனிரத்தினம் கீழிருந்து வாளி வாளியாகத் தண்ணீர் தூக்கிக் கொடுக்க, தேசிங்கு மேலே நின்று உள்ளே ஊற்றிக்கொண்டிருந்தார். ஊற்றிய தண்ணீர் அடியில் ஒழுகிக் கழிக்கே திரும்பிப் போய்க்கொண்டிருந்தது.

“என்னய்யா பண்றீங்க?”

“ஏத்தும்போது தண்ணி வெளிய போச்சு சார். எறக்கணும்னா அது திரும்ப உள்ள வரணும் இல்லையா? ஆறு மணியிலிருந்து ஊத்துறோம், நிறைய மாட்டேங்குது.”

மேனேஜர் குனிந்து போட்டின் அடியைப் பார்த்தார். “பிளக்கு?”

தேசிங்கு சட்டைப்பையைத் தட்டிக் காட்டினார். “பத்திரமா இருக்கு சார். பிரச்சினை அது இல்ல. தண்ணி மாறிப்போச்சு. அன்னிக்கு போட்டுக்குள்ள இருந்த தண்ணிய ஊத்தினாத்தான் நிக்கும். அதைத் தேடிக் கொண்டாரத்தான் கன்னியப்பன் போயிருக்கான்.”

மேனேஜர் கழியைப் பார்த்தார். தூரத்தில், நட்ட நடுவில், கழுத்தளவு தண்ணீரில் கையில் வாளியோடு கன்னியப்பன் நின்றுகொண்டிருந்தான். வாளியில் மொண்டு, உற்றுப் பார்த்து, இது இல்லை என்று தலையாட்டிவிட்டுக் கொட்டினான்.

“அவ்வளவு தூரத்துல ஏன்யா நிக்கிறான்?”

“நாலு நாள் ஆச்சே சார்,” என்றார் தேசிங்கு. “எட்டத்தான் போயிருக்கும்.”