பிடி நிற்காத உடம்பு

கன்னியாகுமரிப் பக்கத்துக் கடலோரச் சிற்றூர் ஒன்றில் சிவனணைந்தான் என்றோர் ஆசான் இருந்தார். சடுகுடு கற்பிப்பது அவர் தொழில். வயது நாற்பதைத் தாண்டவில்லை; ஆயினும் பேச்சில் மட்டும் தொண்ணூறு வயதுச் சிக்கனம். ஆட்டத்துக்கு முன் களத்து மணலில் அமர்ந்து, காலைக் கிழிக்கும் சிப்பித் துண்டுகளைத் தாமே பொறுக்கி எறிவார். அந்த வேலையை அவர் எவரிடமும் ஒப்படைத்ததில்லை.

அவருடைய மாணாக்கருள் கடைசியில் வைத்து எண்ணத் தக்கவன் வைகுண்டமணி. மூச்சு குறைவு, கால் வேகம் அதனினும் குறைவு. எதிர்க்களத்துக்குச் சடுகுடு பாடிப் போனானென்றால் முதல் பிடியிலேயே மண்ணைக் கவ்வுவான்.

பிடிபட்டவன் கோட்டுக்கு வெளியே போய் உட்கார வேண்டும். அவனுடைய அணியைச் சேர்ந்த ஒருவன் எதிராளியைத் தொட்டுவிட்டு மீண்டு வந்தால்தான் அவன் எழுந்து மறுபடியும் களத்துக்குள் வரலாம். அதற்கு உயிர் கொடுப்பது என்று பெயர். வைகுண்டமணிக்கு உயிர் கொடுப்பவன் பெரும்பாலும் எட்வின்தான். அணியின் முதல் ஆட்டக்காரன். சிறுவயது தொட்டு அவனோடு ஒரே தட்டில் உண்டு வளர்ந்த நண்பன்.

எதிராளியைத் தொட்டுத் திரும்பும்போதே எட்வின் கூவுவான்: “எழும்புலே சோத்துமூட்ட! நீ உக்காந்து உக்காந்து அங்கன குழி விழுந்துட்டு!”

“தண்ணி ஊறினா கிணறுன்னு வச்சுக்கிடுவோம் மக்கா,” என்று மணலைத் தட்டிக்கொண்டு வைகுண்டமணி உள்ளே வருவான். இருவரும் சிரிப்பார்கள். அடுத்த பாட்டில் அவன் மீண்டும் வெளியே போய் உட்காருவான்.

இவ்வாறிருக்க, கோயில் கொடை விழாவை ஒட்டி நடந்த ஓர் ஆட்டத்தில் அந்த அதிசயம் நிகழ்ந்தது. நால்வர் சேர்ந்து வைகுண்டமணியை அமுக்கியிருந்தனர். ஒருவன் கணுக்காலில், ஒருவன் இடுப்பில், இருவர் முதுகின்மேல். அவனுடைய பாட்டு முனகலாகத் தேய்ந்தது. அப்போது, சேம்பிலையில் விழுந்த மழைநீர்போல, அத்தனை கைகளும் அவன் மேலிருந்து வழுக்கி விழுந்தன. அவன் எழுந்தான். வியப்போடு நடந்தே வந்து கோட்டைத் தாண்டினான்.

“எண்ண தேச்சிருக்கான்!” என்று எதிரணியினர் ஆர்ப்பரித்தனர்.

நடுவர் தம் துண்டால் அவன் உடம்பைத் துடைத்துப் பார்த்தார். துண்டில் மணல்தான் ஒட்டியது. எதிரணியினர் அவனைக் கருவாடு புரட்டுவதுபோல் மணலில் புரட்டியெடுத்து, மறுபடியும் ஆடச் சொன்னார்கள். அப்போதும் ஒரு பிடிகூட அவன்மேல் நிற்கவில்லை.

அன்று தொட்டு, வாயில் பாட்டு இருக்கும்வரை அவனை எவராலும் பிடிக்க முடியவில்லை.

“இது எங்கேருந்து வந்தது ஆசானே?” என்று வைகுண்டமணி கேட்டான்.

“எங்கிட்ட கேட்டுட்டா வந்துது?” என்றார் ஆசான்.

ஊருக்கு ஊர் வெற்றி. கழுத்து கொள்ளாத மாலை. வைகுண்டமணி ஒருமுறைகூடக் கோட்டுக்கு வெளியே போய் உட்காரவில்லை. எட்வின் சில நேரம் பிடிபடுவான். அவன் வெளியே போய் உட்கார்ந்த சூடு ஆறுமுன்னே வைகுண்டமணி ஒருவனைத் தொட்டுவிட்டுத் திரும்பிவிடுவான்.

“எழும்புலே சோத்துமூட்ட!” என்று இப்போது இவன் கூவினான்.

முதலில் எட்வின் சிரித்தான். பிறகு சிரிக்காமல் எழுந்து வந்தான். அதன் பிறகு, நண்பனின் முகத்தைப் பாராமலே எழுந்து வந்தான். ஆட்டம் முடிந்ததும் ஒன்றாகப் பரோட்டா தின்னப் போகும் வழக்கமும் ஏதோ ஒரு சாக்கில் நின்றுபோயிற்று.

அக்கரையூரில் நடந்த ஆட்டத்தில் வைகுண்டமணி ஒரு காரியம் செய்தான். எதிர்க்களத்தின் நடுவே, மூச்சு நிறைய இருக்கும்போதே, பாட்டை நிறுத்திவிட்டு நின்றான். உடனே பிடித்துக்கொண்டார்கள். அவன் மகிழ்ச்சியோடு வெளியே போய் உட்கார்ந்தான். அடுத்துப் பாடிப்போன எட்வின் ஒருவனைத் தொட்டுவிட்டுத் திரும்பினான். வைகுண்டமணி துள்ளியெழுந்து ஓடிவந்து அவனைக் கட்டிக்கொள்ளக் கை விரித்தான்.

“யாருக்குலே பிச்ச போடுத?” என்று கேட்டுவிட்டு, எட்வின் களத்தைவிட்டே இறங்கிப் போய்விட்டான்.

மறுநாள் பிற்பகல், எட்வின் திருநெல்வேலியில் ஓர் அணியில் சேர்ந்துவிட்டதாகவும், மாலை வண்டியில் புறப்படுவதாகவும் வைகுண்டமணிக்குத் தெரிந்தது. அவன் ஆசானைத் தேடி ஓடிவந்தான். ஆசான் வழக்கம்போல் களத்து மணலில் சிப்பி பொறுக்கிக்கொண்டிருந்தார்.

“ஆசானே, நீங்க சொன்னா எட்வின் கேப்பான். போவாண்டாம்னு சொல்லுங்க.”

“நான் எதுக்கு? நீ சொன்னியா?”

“எங்கூடத்தான் பேச மாட்டேங்கானே! நான் என்ன குத்தம் செஞ்சேன்? அவன் உக்காந்தா ஒரு நிமிசம் விட்டு வச்சிருக்கேனா? உடனே உயிர் குடுத்திருக்கேன். சரி, நான் உக்காரதே இல்லன்னு அவனுக்கு வருத்தமா இருக்கும்னு, நானே பிடியும் குடுத்துப் பாத்துட்டேன். அதுக்கும் என்னைய ஏசுதான்.”

ஆசான் பொறுக்கிய சிப்பிகளை வேலி ஓரத்தில் எறிந்தார். பிறகு கையைத் தட்டிக்கொண்டு எழுந்தார்.

“உக்காரு.”

வைகுண்டமணி மணலில் உட்கார்ந்தான். ஆசான் அவன் முன்னே நின்று வலக்கையை நீட்டினார்.

“எழும்பு.”

ஆசான் தூக்கிவிட்டுத் தான் எழுவதாவது! அவன் கூச்சத்தோடு, ஒரே துள்ளலில் தானாகவே எழுந்து நின்றான். ஆசானுடைய கை நீட்டியபடியே இருந்தது. அவர் அதை ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

“திரும்ப உக்காரு.”

உட்கார்ந்தான். ஆசான் மீண்டும் கையை நீட்டினார். இம்முறை அவன் மரியாதையாக அக்கையைப் பற்றிக்கொண்டான். ஆனால் முழங்காலை ஊன்றித் தன் பலத்திலேயே எழுந்தான். அவன் விரல்கள் ஆசானின் விரல்களைத் தொட்டுக்கொண்டிருந்தன, அவ்வளவே.

“பிடிச்ச. சரி. பாரம் எங்கலே?” என்றார் ஆசான்.

கடற்காற்று களத்தின் கோட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக அழித்துக்கொண்டிருந்தது. தென்னைகளுக்கு அப்பால், சாலையோர நிழற்குடையில், மடியில் பையை வைத்தபடி எட்வின் தனியே உட்கார்ந்திருப்பது இங்கிருந்தே தெரிந்தது.

வைகுண்டமணி அந்தப் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு ஒருவரும் சொல்லாமலே மணலில் உட்கார்ந்தான். தலை குனிந்திருந்தது. குனிந்தபடியே தன் கையை ஆசானை நோக்கி நீட்டினான்.

ஆசான் தம் இரு கைகளையும் முதுகுக்குப் பின்னே கட்டிக்கொண்டார்.

“எங்கிட்ட எதுக்கு நீட்டுத? வண்டி இன்னும் வரல்ல.”