வைக்கோல் அரசரும் எழுபத்துநான்கு பீரங்கிகளும்

வில்லும் வேலும் மூலைக்குப் போய், பீரங்கி புதிதாக வந்திறங்கிய காலம் அது. ஆற்றங்கரைக் கோட்டை ஒன்றில் ஓர் அரசர் இருந்தார். கோட்டைக்கு வெளியே, ஆற்றின் அக்கரையில், பக்கத்து நாட்டுப் படை வந்து இறங்கி நாற்பது நாள் ஆகியிருந்தது. இந்த நாற்பது நாளும் அரசர் ஒழுங்காகச் சாப்பிடவில்லை. உட்கார்ந்தால் எழுந்தார், எழுந்தால் உட்கார்ந்தார்.

அக்கரையில் ஒரு மொட்டைக் குன்று. அதன் உச்சியில் எதிரிப் பீரங்கிகள் கறுப்புக் கறுப்பாய் வரிசையாகத் தெரிந்தன. நம் பீரங்கித் தளபதி கடம்பநாதன் தினமும் அந்தக் குன்றைச் சுட்டார். சாயங்காலம் ஆனதும் சபைக்கு வந்து கணக்குச் சொன்னார். "அரசே, இன்று ஐந்து பீரங்கிகள் ஒழிந்தன." மறுநாள் ஏழு. அதற்கு மறுநாள் நான்கு. எதிரி குண்டுகளோ, நம் பீரங்கிப் புகை ஆற்றை மூடும் நேரம் பார்த்து, ஊருக்குள் விழுந்தபடிதான் இருந்தன.

திடீரென்று எதிரி தரப்பு அடங்கிப்போனது. மூன்று நாள் ஒரு வெடிச்சத்தம் இல்லை. நான்காம் நாள் கடம்பநாதன் மார்பை நிமிர்த்திக்கொண்டு சபையில் நின்றார்.

"அரசே! இதுவரை எழுபத்துநான்கு பீரங்கிகளை ஒழித்துவிட்டோம். எதிரியிடம் இனி ஒன்றும் இல்லை. நாளை மறுநாள் விடியலில் கோட்டைக் கதவைத் திறந்து, படையை ஆற்றில் இறக்க உத்தரவு தாருங்கள்."

அரசரின் முகம் மலர்ந்தது. அப்போது தூண் ஓரத்தில் யாரோ தும்முவது போலச் சிரித்தார்கள். அரசவை விகடகவி ஆவுடையப்பன்தான்.

"என்ன சிரிப்பு?" என்றார் அரசர்.

"மன்னிக்க வேண்டும், அரசே. எதிரி கணவாயைத் தாண்டும்போது நம் ஒற்றர்கள் எண்ணியது இருபது பீரங்கிகள். இருபதில் எழுபத்துநான்கு எப்படி ஒழிந்தது என்று யோசித்தேன். சிரிப்பு வந்துவிட்டது."

"ஒழிக்க ஒழிக்கப் புதிது கொண்டுவந்து வைத்தார்கள்!" என்று சீறினார் கடம்பநாதன். "நாங்கள் புகையில் கண்ணெரிந்து நிற்கிறோம். இவர் தூண் நிழலில் நின்று எண்ணுகிறார்! அரசே, விகடகவிக்குச் சந்தேகம் இருந்தால் அவரே நிரூபிக்கட்டும். முடியாவிட்டால் படைக்கு முன்னால் கொடி பிடித்துக்கொண்டு அவரே முதலில் ஆற்றில் இறங்கட்டும்."

சபையில் பலர் தலையாட்டினார்கள். ஆவுடையப்பனுக்கு அரசரிடம் இருந்த செல்வாக்கு அவர்களில் பலருக்கு வெகுநாளாகக் கண்ணை உறுத்திக்கொண்டிருந்தது. அரசருக்கும் அந்த யோசனை பிடித்துப்போயிற்று.

"ஆவுடையப்பா! எதிரிப் பீரங்கிகளுக்கு உயிர் இருக்கிறதா இல்லையா என்று நாளை உச்சிப்பொழுதுக்குள் எனக்குக் காட்ட வேண்டும். ஆனால் என் வீரன் ஒருவனையும் அனுப்பக்கூடாது. என் பீரங்கி ஒன்றையும் வெடிக்க வைக்கக்கூடாது. நீயும் ஆற்றைத் தாண்டக்கூடாது."

"அரண்மனையில் மற்ற பொருள்களை எடுத்துக்கொள்ளலாமா, அரசே?"

"எதை வேண்டுமானாலும் எடுத்துக்கொள், போ!"

வீட்டுக்கு வந்த ஆவுடையப்பனால் ஓரிடத்தில் நிற்க முடியவில்லை. கூடத்துக்கும் கொல்லைக்கும் நடந்தான். கொடி பிடிப்பது பற்றிக்கூட அவன் அவ்வளவு கவலைப்படவில்லை. அவன் மனைவி உலகம்மையின் தம்பி காலாட்படையில் முதல் வரிசையில் இருந்தான். ஆற்றின் நடுவில், இடுப்பளவு தண்ணீரில் அந்த வரிசை நிற்கும்போது அக்கரையில் ஒரே ஒரு பீரங்கிக்கு உயிர் வந்தாலும் போதும்.

"ஏங்க, இப்படி நடந்துக்கிட்டே இருந்தா என்ன ஆகப்போகுது? கொஞ்சம் உக்காருங்க" என்றாள் உலகம்மை.

"உக்கார முடியல, உலகம்மா. அவங்க மூணு நாளா சும்மா இருக்கிறதுதான் எனக்குப் பயமா இருக்கு. குண்டு விழுந்தப்பகூட இப்படி இல்ல."

"சும்மா இருக்கிறவங்கள வாய் திறக்க வைக்கணும்னா, அவங்களுக்கு ஆசை காட்டணும். எங்க தம்பி சின்ன வயசுல பேச மாட்டேன்னு அடம்பிடிச்சா, நாங்க பலகாரத்த முன்னால கொண்டுபோய் வைப்போம்."

ஆவுடையப்பன் நின்றான். பீரங்கிக்காரனுக்கு எது பலகாரம்?

மறுநாள் காலையில் அவன் அரண்மனைக்குப் போய் அரசரின் பட்டு அங்கி, தலைப்பாகை, முத்து வைத்த வெண்குடை எல்லாவற்றையும் கேட்டு வாங்கினான். உடைக்காப்பாளர் தயங்கியபோது, "எதை வேண்டுமானாலும் என்று அரசர் வாயால் வந்தது" என்றான். அங்கிக்குள் வைக்கோலைத் திணித்தான். கரியால் பெரிய மீசை வரைந்தான். அந்த வைக்கோல் அரசரை ஒரு மாட்டுவண்டியில் உட்காரவைத்து, குடையையும் கட்டி, மாடுகள் இல்லாமல் கிழக்கு வாசல் சரிவில் நிறுத்தினான். கோயில் மேளக்காரர்களை மதில்மேல் ஏற்றினான். அவர்கள் வீரர்கள் அல்லவே!

மேளமும் கொம்பும் முழங்கின. ஆவுடையப்பன் வண்டியைப் பின்னாலிருந்து ஒரு தள்ளு தள்ளினான். வண்டி கடகடவென்று சரிவில் உருண்டு ஆற்றுமணலில் போய் நின்றது. அவன் பக்கத்து வாய்க்காலில் குப்புற விழுந்து தலையை மட்டும் தூக்கினான். கோபுர மாடத்தில் அரசரும் கடம்பநாதனும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அக்கரையில் சத்தமே இல்லை. ஆவுடையப்பன் குன்றையே பார்த்தான். தளபதி சொன்னதுதான் உண்மையோ? முழங்கைக்கடியில் எறும்பு கடித்தது. நகரவும் முடியவில்லை.

திடீரென்று நிலம் அதிர்ந்தது.

குன்றின் உச்சியிலிருந்து அல்ல. குன்றுக்கு வலப்புறம் இருந்த கரும்புத் தோட்டத்திலிருந்து வெள்ளைப் புகை எழுந்தது. ஒன்று, இரண்டு, ஐந்து, பதினொன்று... ஆவுடையப்பன் மணலில் விரலால் கோடு கிழித்துக்கொண்டே வந்தான். கிழித்த கோட்டின்மேல் மணல் வந்து கொட்டியது. மறுபடி கிழித்தான். மொத்தம் பத்தொன்பது. குன்றின்மேல் இருந்த கறுப்புப் பீரங்கிகள் ஓர் இழை புகைகூட விடவில்லை.

குண்டுகள் வண்டிக்கு முன்னால் விழுந்தன, பின்னால் விழுந்தன, ஆற்றில் விழுந்து மீனைக் கலக்கின. ஒன்றுகூட வைக்கோல் அரசரைத் தொடவில்லை. கடைசியில் மணல் சரிந்து, வண்டி தானாகவே குடை சாய்ந்தது. வைக்கோல் அரசர் தலைகீழாக உருண்டார். அக்கரையில் ஆரவாரம் வானத்தைப் பிளந்தது.

ஆவுடையப்பன் சேறும் மணலுமாக மாடத்துக்கு ஏறி வந்தபோது கடம்பநாதனின் முகத்தில் ரத்தமே இல்லை. அரசர் மதிலைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"நாளை என் படை இறங்கியிருந்தால்..." என்றார்.

"பத்தொன்பது, அரசே. எல்லாம் உயிரோடு இருக்கின்றன. அது போகட்டும். இன்னும் சிறிது நேரத்தில் அக்கரையிலிருந்து ஒரு தூதர் வருவார். தயவுசெய்து தாங்கள் திரைக்குப் பின்னால் அமர வேண்டும்."

"தூதரா? ஏன்?"

"அவர்களுக்கும் ஒரு பீரங்கித் தளபதி இருப்பாரே, அரசே. அவரும் இந்நேரம் கணக்குச் சொல்லியிருப்பார்."

பிற்பகலில் வெள்ளைக்கொடியோடு தூதர் வந்தார். நரைத்த தாடிக்காரர், முகத்தில் வெற்றிக் களை.

"உங்கள் அரசர் எங்கள் குண்டுக்கு இரையானார். வருந்துகிறோம். தலைவன் இல்லாத நாடு எங்களிடம் அடைக்கலம் புகுவதே நல்லது."

"அவர் இறந்ததை யார் பார்த்தார்கள்?" என்று ஆவுடையப்பன் பணிவாகக் கேட்டான்.

"எங்கள் தளபதியே கண்ணால் கண்டார். முதல் குண்டிலேயே!"

அரசரால் அதற்குமேல் அடக்க முடியவில்லை. திரையை விலக்கிக்கொண்டு வந்தார். தூதர் இரண்டடி பின்னால் போய், தூணைப் பிடித்துக்கொண்டார்.

"உம் மன்னரிடம் சொல்லும்" என்றார் அரசர். "பத்தொன்பது பீரங்கிகளும் கரும்புத் தோட்டத்தில் இருப்பது எனக்குத் தெரிந்துவிட்டது. அவற்றைச் சேற்றிலிருந்து இழுத்து நகர்த்த உங்களுக்கு ஓர் இரவு முழுக்க ஆகும் என்பதும் தெரியும். நாளை விடியலுக்குள் படையைத் திருப்பினால் தோட்டத்தின்மேல் குண்டு போட மாட்டேன்."

தூதர் நீளமாக மூச்சுவிட்டார். "சொல்கிறேன். குன்றின்மேல் இருந்தவை கரி பூசிய பனந்தடிகள், அரசே. நாற்பது நாளும் எங்கள் அடுப்புக்கு உங்கள் தளபதிதான் விறகு பிளந்து கொடுத்தார்."

"இருபதில் ஒன்று குறைகிறதே?" என்று கேட்டான் ஆவுடையப்பன். "அதையாவது எங்கள் தளபதி ஒழித்தாரா?"

"இல்லை. வெடிமருந்து அதிகமாகி அது தானாக வெடித்தது."

கடம்பநாதன் தலையைக் குனிந்துகொண்டார். "புகையில் எதுவும் தெரியவில்லை, அரசே. சத்தம் நின்றால் ஒழிந்தது என்று நினைத்தேன்" என்றார் மெல்ல. தாங்கள் கணக்கைத்தான் கேட்டீர்கள் என்று சொல்ல வாயெடுத்தவர், அதை விழுங்கிவிட்டார். அரசர் அவரைப் பதவியிலிருந்து நீக்கவில்லை. இனி எந்தப் பீரங்கியை ஒழித்ததாகச் சொன்னாலும் அதன் ஒரு துண்டைக் கையோடு கொண்டுவந்து காட்ட வேண்டும் என்று மட்டும் உத்தரவிட்டார்.

மறுநாள் விடிந்தபோது எதிரிப் படையின் பின்வரிசை கணவாயை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. அரசர் தம் கழுத்திலிருந்த முத்துமாலையைக் கழற்றி ஆவுடையப்பனுக்குப் போட்டார். பிறகு ஏதோ நினைவு வந்தவராய்க் கேட்டார்.

"அது சரி. ஒரு வைக்கோல் பொம்மையை நான் என்றே இத்தனை பேர் எப்படி நம்பினார்கள்? என் முகத்துக்கும் அதற்கும் வித்தியாசமே தெரியவில்லையா?"

"தெரிந்திருக்கும், அரசே. பக்கத்தில் போய்ப் பார்க்கத்தான் இரண்டு தரப்பிலும் ஆள் இல்லை."

அரசர் சிரிக்கத் தொடங்கினார். அரியணையின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். நாற்பத்திரண்டு நாளுக்குப் பிறகு அந்தச் சபையில் முதல்முறையாகச் சோறு பரிமாறச் சொல்லி உத்தரவு போயிற்று.