சீசர் ஏன் சாப்பிடவில்லை

“ஒரு நாய்க்கு இவ்வளவு திமிர் ஆகாதும்மா!”

படியேறும்போதே தருமலிங்கம் கத்திக்கொண்டுதான் வந்தார். பஸ் டிப்போவில் முப்பது வருஷம் டைம்கீப்பராக இருந்துவிட்டு, அறுபது வயதில் இந்த மலையடிவாரத்து மடத்துக்கு வந்து சீடரானவர். குரு மங்கையர்க்கரசிக்கு அவரைவிடப் பதினைந்து வயது குறைவு. அதனாலென்ன, மற்றவர்களைப் போலவே தருமலிங்கத்துக்கும் அவர் அம்மாதான்.

நாயின் பெயர் சீசர். பதினொரு வயது லேப்ரடார். குட்டியிலிருந்து வளர்த்தவர்கள் வெளிநாடு போகும்போது காப்பகத்தில் விட்டுவிட்டுப் போய்விட்டார்கள். அங்கே குட்டிகளை ஆளுக்கொன்றாகத் தூக்கிக்கொண்டு போன ஜனம், இந்த நரைத்த மூஞ்சியைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தருமலிங்கத்துக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நான் கூட்டிட்டுப் போறேன்யா என்று கையெழுத்துப் போட்டுவிட்டார்.

வந்து மூன்று நாளாகிறது. தண்ணீர் குடிக்கிறது. ஒரு பருக்கை தொடவில்லை.

“பால்சோறு வெச்சேன், தயிர்சோறு வெச்சேன், நெய் விட்டுப் பிசைஞ்சும் வெச்சுட்டேன். கொண்டாந்து தள்ளிட்டுப் போனவங்களையே நெனச்சு ஏங்குதும்மா. அந்தப் பாவிங்க மட்டும் என் கையில கெடைக்கட்டும்!”

“டாக்டர் பாத்தாரா?”

“உடம்புல ஒரு கோளாறும் இல்லையாம். ஆனா இந்த வயசுல நாளைக்கும் பட்டினி கெடந்தா தாங்காதுன்னுட்டார்.”

குரல் உடைந்தது. அது அவருக்கே பிடிக்கவில்லை. இன்னும் சத்தமாகப் பேசினார்.

“இதுக்காகவா நான் கொண்டுவந்தேன்?”

“தட்டை வெச்சதும் எங்க பாக்குது?”

“என் மூஞ்சியைத்தான். நான் ஏதோ குத்தம் பண்ணிட்ட மாதிரி.”

“எச்சில் ஊறுதா?”

“ஒழுகுது. தரையே நனையுது. அப்படியும் வாய வெக்காது. திமிர்தானே இது?”

“வெச்சுட்டு நீங்க என்ன சொல்றீங்க?”

தருமலிங்கத்துக்கு ரோஷம் வந்துவிட்டது.

“நான் எதுக்கும்மா சொல்லப்போறேன்? பந்தி நேரத்துல நான் என்னைக்காவது வாயத் தொறந்திருக்கேனா?”

மடத்தில் அம்மா வைத்த விதி ஒன்று உண்டு. இலை போட்டது முதல் கை கழுவும் வரை ஒருவரும் பேசக்கூடாது. ஒன்பது வருஷத்தில் ஒரு நாள்கூட அது மீறப்பட்டதில்லை. நாய்க்குச் சோறு வைப்பதும் பந்தியில்தான் சேர்த்தி என்று தருமலிங்கம் தானாக முடிவு கட்டிக்கொண்டிருந்தார்.



மறுநாள் மதியம் நாற்பது இலை போட்டிருந்தது. தருமலிங்கம் கூடத்து வாசலில் தட்டை வைத்தார். சீசர் எழுந்து வந்து தட்டுக்கு முன்னால் உட்கார்ந்தது. அவர் வாயையே பார்த்தது. எச்சில் சொட்டியது. பின்னங்கால்கள் நடுங்கின.

அம்மா பாதிச் சாப்பாட்டில் எழுந்தார். சோற்றுக் கையோடு வந்து அதன் பக்கத்தில் குந்தினார்.

“சாப்பிடு ராசா.”

கூடத்தில் நாற்பது கைகளும் நின்றுபோயின.

சீசர் தலையைத் தட்டுக்குள் விட்டது. தட்டு தரையில் உரசிக்கொண்டே சுவர் வரைக்கும் போனது. நாயும் பின்னாலேயே போனது.

கை கழுவியதும் தருமலிங்கம் அம்மாவைப் பிடித்துக்கொண்டார். கண்ணில் தண்ணீர் நின்றது. கோபமும் குறைந்தபாடில்லை.

“சொன்னாத்தான் சாப்பிடணும்னு பழக்கிவெச்சிருக்காங்க, புரியுது. ஆனா ஒம்பது வருஷம்மா! நீங்க வெச்ச விதியை நீங்களே மீறலாமா? கை கழுவிட்டு வந்து சொல்லக்கூடாதா?”

அம்மா சீசரின் தட்டை எடுத்துக் கழுவிக்கொண்டே சொன்னார்.

“அதுக்கும் ஒரு விதி இருக்குல்ல, ஐயா. குட்டியா இருந்ததுலேர்ந்து பதினோரு வருஷமாக் காப்பாத்திட்டு வருது. என்னுது ஒம்பதுதான். சின்னவங்கதானே விட்டுக்கொடுக்கணும்?”